கம்பத்தடியில், ஏழு இருபது

பகல் முழுக்க இந்த நிலம்
உலைமூடிபோலத் தட்டிக்கொண்டிருந்தது.
நாற்பத்தொரு பாகை.
உழுத கருமண் காற்றைக் கட்டிகட்டியாகப் பெயர்த்து
மேலே எறிந்தது.
நரப்ரை சாலைக்கு மேல் ஒரு பருந்து
சிறகடிக்காமலே ஏறிப்போனதை
மதியம் பார்த்தேன். படிக்கட்டு தெரியவில்லை.
படிக்கட்டு இருந்தது.

என் வேலை எண்களோடு.
பத்து மீட்டரில் ஒரு கருவி, இரண்டு மீட்டரில் ஒன்று.
ஒவ்வொன்றிலும் மூன்று சோடி விரல்கள்
வினாடிக்கு இருபது தடவை
தங்களுக்குள் குசுகுசுக்கும்.
நடுவில் புகுந்த காற்று
அந்தக் குசுகுசுப்பை எவ்வளவு பிந்தவைக்கிறது,
எவ்வளவு முந்தவைக்கிறது,
அவ்வளவுதான் கணக்கு.
மதியம் திரையில் ஓடிய கோடு
குடித்தவன் கையெழுத்து.

ஏழு இருபது.
சூரியன் மறையவில்லை,
இரும்புக் குதிர்களுக்கு மேலே
இன்னும் நான்கு விரல் உயரம்.
மண்தான் முந்திக்கொண்டது.
வரவைவிடச் செலவு கூடிய கணத்தில்
கடையைச் சாத்தத் தொடங்கிவிட்டது.

பெரிய சுழல்கள் உடைகின்றன.
வயலளவு இருந்தது வீட்டளவாகி
வீட்டளவு கதவளவாகி
கதவு தட்டாக, தட்டு காசாக,
காசு கடுகாக,
கடுகு
ஒரு துளிச் சூடாக.
எந்தக் கருவியும் பிடிக்காத சூடு.

காற்று அடங்கிவிட்டது என்போம்.
பிள்ளை அடங்கினால் நல்ல பிள்ளை.
ஊர் அடங்கினால் இரவு.
குழிக்குள் இறக்கினாலும் அடக்கம் என்றே சொல்வோம்.
இது எந்த அடக்கம்?

மேலே முப்பத்துமூன்று, கீழே முப்பத்திரண்டு.
கொஞ்சம் பொறுத்து, கீழே முப்பத்தொன்று.
தலைகீழாகிவிட்டது.

லாக்கி ட்ரெலோர் அழைக்கிறார்.
“ஒரு இலைகூட அசையேல்லை, ஆர்னி.
இதைவிட நல்ல பின்னேரம் வருமோ?
நாப்பது எக்டேர்தான் மிச்சம்.”
ஆரணி என்ற என் பெயர்
அவர் வாயில் எப்போதும் ஓர் உயிர் குறைவு.

அசையாததுதான் வில்லங்கம், லாக்கி.
மதியத்துச் சுழல் களைகொல்லித் துளியைப் பிடித்து
மண்ணில் அறையும், களையில் அறையும்,
மிச்சத்தை வானத்தில் கரைத்துவிடும்.
இப்போது தெளித்தால்
பொடித்துளிகள் விழ மறந்துபோகும்.
இடுப்புயரத்தில் ஒரு துணியாக மிதந்து
யாருடைய வேலியையும் கேளாமல்
சரிவைப் பிடித்து நமோய் ஆற்றுப் பக்கம் போகும்.
ஆறு கிலோமீட்டர் தள்ளி மார்லீனின் பருத்தி.
பத்து நாளில் இலைகள் தவளைக்கால்போல் விரியும்.
போன வருசமும் அப்படித்தான்.
யார் தெளித்தது என்று இங்கே யாருக்கும் தெரியாது.
யாரோடு யார் பேசுவதில்லை என்று
எல்லோருக்கும் தெரியும்.

“வேண்டாம்” என்கிறேன்.
அழைப்பு அறுகிறது.

என்னிடம் எண் இருக்கிறது.
இயந்திரத்தின் சாவி அவரிடம்.

நான் வந்தபோது கிளம்பிய புழுதி
இன்னும் பாதைமேல் நீட்டிப் படுத்திருக்கிறது,
எழுப்ப ஆளில்லாமல்.
கோடு, நூலாகிவிட்டது.
பகலெல்லாம் மேலே வளைந்து தொலைந்த ஒலிகள்
தரையோடு தவழ்ந்து வருகின்றன:
எங்கோ ஒரு நாய்ச்சங்கிலி,
தானிய ரயில் பெட்டிகள் முட்டிக்கொள்வது,
குழாயடியில் வாளி நிரம்பி
சுருதி ஏறுவது.

பிறகு ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பால்
ஒரு தகரக் கதவு.
இயந்திரம் இருமுகிறது, பிடித்துக்கொள்கிறது.
நான் நேரத்தைக் குறிக்கிறேன், ஏழு நாற்பத்தாறு.
குறிப்பதைத் தவிர என்ன செய்ய.
அது உறுமிக்கொண்டே நிற்கிறது.
நகரவில்லை.
நகரவில்லை.
நின்றுபோகிறது.

காலடி. கம்பிக்கதவு.
மேசைக்கு எதிர்ப்புறம் இருந்து பேசுவதுபோல
லாக்கியின் குரல், வீட்டுக்குள் யாரிடமோ:
“முட்டை ஏதும் மிச்சம் இருக்கோ?”

எனக்குத் தொண்டையில் புழுதி.
அவருக்கும் கேட்டுவிடுமே என்று
இருமலை
அடக்கிக்கொள்கிறேன்.